பன்னிரண்டு காட்டினால் பதினொன்று

ஒரு புதன்கிழமை காரின் சக்கரங்களை மாற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேல் டிவிசனுக்குப் போகும் தேயிலைத் தோட்டத்து ரோட்டை அளந்தேன். இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தவை. நாற்பது வருஷமாக நாட்குறிப்பு எழுதுகிறவனுக்கு இந்த இரண்டு வரிகளில் குழப்பம் வரக் காரணமே இல்லை. ஆனால் வந்தது. அந்தக் குழப்பம் தீர்ந்ததும் அதிலிருந்து இன்னொன்று கிளம்பியது. அதை இன்றைக்கும் முழுவதும் தீர்த்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன்.

கார் என்னைவிட இரண்டு வயது மூத்தது. இங்கிலாந்தில் செய்து கப்பலில் வந்த, முதுகு வளைந்த சின்ன கார். தபால் கந்தோர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு கொட்டகலைக்கும் ஹட்டனுக்கும் போய்வர அதைத்தான் வைத்திருக்கிறேன். அதன் சக்கரங்கள் பதினான்கு அங்குலம். அந்த அளவில் டயர் தேடி ஒரு வருஷத்துக்கு மேல் அலைந்தேன். டிக்கோயாவில் கார் திருத்தும் மெக்கானிக் பாஸ் கடைசியில் கையை விரித்துவிட்டார்.

"இந்தச் சைஸ் இனிமே வராதுங்கய்யா. வந்தாலும் மியூசியத்துக்குத்தான் வரும்."

ஜப்பான் கார் ஒன்றிலிருந்து கழற்றிய பதின்மூன்று அங்குல ரிம் நான்கு அவரிடம் இருந்தது. அவற்றுக்கு ஏற்ற டயர் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் பழைய டயரை விட உயரம் குறைவு. மாட்டி முடித்துவிட்டு, காரைச் சுற்றிவந்து பார்த்தார்.

"கொஞ்ச நாளைக்குக் குத்தவச்சு உக்காந்த மாதிரி தெரியும். அப்புறம் கண்ணு பழகிரும்."

கண் பழகிவிட்டது. மீற்றரைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வேகத்தைக் காட்டும் முள்ளும் ஓடிய தூரத்தைக் காட்டும் எண்களும் ஒரே வட்டமான முகத்தில் இருக்கின்றன. அறுபது வருஷத்துக்கு மேலாக இருக்கின்றன. அவற்றுக்கும் டயருக்கும் ஒரு பேச்சுவார்த்தை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ரோட்டை அளக்கச் சொன்னது மேல் டிவிசனில் கொழுந்து எடுக்கும் ஒரு பெண். அங்குள்ள கோயில் மாதர் சங்கத்துக்கு அவர்தான் தலைவி. என்னை அண்ணே என்பார், நான் தங்கச்சி என்பேன். அவருடைய கணவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. இடது பாதத்தில் ஆறாத புண். ஒன்றுவிட்டு ஒருநாள் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து கட்ட வேண்டும். கொழுந்து லொறி கீழே இறங்கும் நாளில் அதில் தொற்றிக்கொண்டு வருவார். லொறி வராத நாளில் ஒரு கையை மனைவியின் தோளில் போட்டுக்கொண்டு, நின்று நின்று நடந்து வருவார். போன மாதம் டாக்டர், இனி இந்தக் கால் நடக்கக் கூடாது, நடந்தால் பாதத்தைக் காப்பாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்.

கொட்டகலைச் சந்தியில் தினமும் காலை ஆறு மணிக்கு ஹட்டனிலிருந்து ஒரு பஸ் வந்து நிற்கும். ஏழு மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மறுபடி ஹட்டனுக்குப் புறப்படும். நடுவில் ஒரு மணித்தியாலம் அது சும்மா நிற்கிறது. டிரைவரும் கண்டக்டரும் தேநீர் குடித்துவிட்டுப் பத்திரிகை பார்ப்பார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் பஸ் மேல் டிவிசனுக்கு ஏறி இறங்கினால் என்ன என்பதுதான் அந்தப் பெண்ணின் யோசனை. மனுவை எழுதும் வேலை எனக்கு வந்தது. இந்தப் பக்கத்தில் கந்தோருக்குப் போகும் கடிதம் பெரும்பாலும் என் கையெழுத்தில்தான் போகும்.

மனுவில் தூரம் போட வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை அவரைப் பின் ஆசனத்தில் வைத்துக்கொண்டு, சந்தியில் மீற்றரைக் குறித்துக்கொண்டு புறப்பட்டேன். மேலே கோயில் வாசலில் நிறுத்தியபோது நான்கு மைலும் ஒரு மைலில் பத்தில் எட்டுப் பங்கும் ஓடியிருந்தது. எனக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. நாலரைக்குள் இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆனால் கோயிலடியில் நின்றவர்களுக்கு அந்த எண் பிடித்துவிட்டது.

"பாத்தீங்களா, கிட்டத்தட்ட அஞ்சு மைல். இதத்தான் நாங்க தெனமும் நடக்குறோம்" என்றார் ஒருவர்.

"நல்லா அழுத்தி எழுதுங்கண்ணே" என்றார் தலைவி. "படிக்கிறவங்களுக்கும் கால் வலிக்கணும்."

அழுத்தித்தான் எழுதினேன். நான்கு தசம் எட்டு மைல், செங்குத்தான ஏற்றம், மழைக்காலத்தில் வழுக்கும் வளைவுகள், வயோதிபர், கர்ப்பிணிகள், நோயாளர். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்து வைத்தார்கள். மனு என்றால் கஷ்டத்தைச் சொல்வது, தூரம் கூடினால் கஷ்டம் கூடும். எங்களுக்குத் தெரிந்த முறை அதுதான். தோட்டத்திலிருந்து போகும் எந்தக் கடிதத்தை எடுத்துப் பார்த்தாலும் தண்ணீர்ப் பீலி தூரத்தில் இருக்கும், ஆஸ்பத்திரி தூரத்தில் இருக்கும், பள்ளிக்கூடம் தூரத்தில் இருக்கும்.

மூன்று வாரம் கழித்துப் போக்குவரத்துக் கந்தோரிலிருந்து போன் வந்தது. பேசிய அதிகாரி சிங்களவர். தமிழ் படித்திருக்கிறார், நிதானமாக ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினார்.

"அங்கிள், உங்கட கடிதம் நல்ல கடிதம். ஒரு பிரச்சினை இருக்குது. தோட்டப் பாதையில பஸ் மணிக்குப் பதினைந்து கிலோமீற்றர் போகும் என்றுதான் எங்கட அட்டவணை. நீங்க சொல்ற தூரம் ஏழு தசம் ஏழு கிலோமீற்றர். போய் வர அறுபத்திரண்டு நிமிஷம். பஸ் ஏழு மணிக்குச் சந்தியில நிக்க வேணும்."

"ரெண்டே நிமிஷம்தானுங்களே மாத்தயா" என்றேன், ஐயா என்பதைச் சிங்களத்தில்.

"ரெண்டு நிமிஷமும் கூடத்தானே, அங்கிள்."

வருகிற வியாழக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். கந்தோரில் வாகனம் இல்லையாம், ஹட்டன் வரை பஸ்ஸில் வருவாராம். "உங்கட காரிலேயே போய் அளப்போம். மீற்றர் வேலை செய்யுதுதானே?"

செய்கிறது என்று சொன்னேன். போனை வைத்த பிறகுதான் அவர் சொன்னது மெதுவாக உள்ளே இறங்கியது. கஷ்டம் தெரியவேண்டும் என்று நாங்கள் தூரத்தை நீட்டிச் சொல்லி மகிழ்ந்தோம். பஸ் வருவதற்கோ தூரம் குறைவாக இருக்க வேண்டியிருந்தது.

அன்று மாலையே மேல் டிவிசன் தலைவி சந்திக்கு வந்திருந்தார், விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப தூரம்னு எழுதுனதாலதான் பஸ் இல்லங்கிறாங்களா?"

"அப்படித்தான் வருது."

"கிட்ட இருந்தா பஸ் எதுக்குண்ணே, நடந்தே வந்துருவோமே" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "வியாழக்கிழமைக்குள்ள ஏதாவது செய்யுங்க. அவரு காலு அடுத்த மழை வரைக்கும் தாங்காது" என்றார்.

ஏதாவது செய்யுங்க என்றால், மலையைச் சுருக்கவா முடியும்? வீட்டுக்கு வந்து என் பதிவுக் கொப்பிகளை எடுத்து வைத்துக்கொண்டேன். காரில் எங்கே போனாலும் புறப்படும் எண்ணையும் சேரும் எண்ணையும் குறிப்பது என் வழக்கம். என் மனைவி இதைக் கோயில் வரவேடு என்று கேலி செய்வாள். கொப்பியைப் புரட்டினேன். வீட்டிலிருந்து ஹட்டன் கோயிலுக்கு எப்போதும் மூன்று தசம் ஒன்பது மைல். கடைசி ஒரு மாதமாக நான்கு தசம் மூன்று. ஒவ்வொரு முறையும் நான்கு தசம் மூன்று. ரோட்டு வேலை நடக்கிறதே, ஏதாவது வளைவைச் சுற்றி விட்டிருப்பார்கள் என்று அப்போது பக்க ஓரத்தில் நானே எழுதி வைத்திருக்கிறேன். படிக்க வெட்கமாக இருந்தது. ஹட்டன் கோயில் அங்கேயேதான் இருக்கிறது. மாறியது சக்கரம்.

மனைவியின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். டிக்கியில் பழைய அளவுச் சக்கரம் ஒன்று உபரியாகக் கிடந்தது. தரையில் உருட்டிப் பார்த்தேன், ஒரு சுற்றுக்கு ஆறு அடி. புதிய சக்கரத்தில் சோக்கட்டியால் கோடு போட்டுக் காரைத் தள்ளினேன், ஐந்தரை அடி. ஆக, பழைய சக்கரம் பதினொரு முறை உருளும் தூரத்துக்குப் புதியது பன்னிரண்டு முறை உருள வேண்டும். மீற்றர் தூரத்தைப் பார்ப்பதில்லை. சுற்றுகளைத்தான் எண்ணுகிறது.

இதுவரை தெளிவு. இதற்கு மேல் எனக்குத் தலை சுற்றியது. சக்கரம் சின்னதாகிவிட்டது, ஆகவே கார் குறைவாகத்தான் ஓடியிருக்கும், ஆகவே உண்மையான தூரம் கூட. இப்படி ஒரு தாளில் எழுதினேன். சக்கரம் அதிகமாகச் சுற்றியது, மீற்றர் அதிகமாக எண்ணியது, ஆகவே உண்மையான தூரம் குறைவு. இப்படி இன்னொரு தாளில் எழுதினேன். எழுதும்போது இரண்டுமே சரியாகத் தெரிந்தன. கணக்கில் நான் மோசமில்லை. முப்பது வருஷம் தபால் முத்திரைக் கணக்கு ஒப்புவித்தவன். ஆனால் இது கணக்காக இல்லை, கண்ணாடியில் பார்த்துத் தலைவாருவது போல இருந்தது. கை எந்தப் பக்கம் போகவேண்டும் என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியிருந்தது. கடைசியில் ஹட்டன் கோயில்தான் காப்பாற்றியது. தூரம் மாறாத இடத்துக்கு மீற்றர் கூடக் காட்டுகிறது. அப்படியென்றால் உண்மை குறைவு. பன்னிரண்டு காட்டினால் பதினொன்று. நான்கு தசம் எட்டு காட்டினால் நான்கு தசம் நான்கு. கிலோமீற்றரில் ஏழு தசம் ஒன்று. போய் வர ஐம்பத்தேழு நிமிஷம்.

பஸ் வரும்.

ஆனால் ரோட்டை அளந்தது சக்கரம் மாற்றிய பிறகுதானா? அன்று கொப்பியை எடுத்துப்போக மறந்து, அளந்த எண்ணை ஒரு துண்டுத் தாளில் 'ஞாயிறு' என்று மட்டும் போட்டு, நாட்குறிப்பில் அந்த வாரத்துப் பக்கத்தில் செருகியிருந்தேன். முந்தைய வருஷத்து நாட்குறிப்பில் வாரம் ஞாயிறில் தொடங்கும். இந்த வருஷம் வாங்கியதில் திங்களில் தொடங்கி ஞாயிறில் முடிகிறது. பழைய பழக்கத்தில் செருகியிருந்தால் அந்த ஞாயிறு புதனுக்கு முன்னால். புதிய பக்கத்தைப் பார்த்துச் செருகியிருந்தால் பின்னால். முன்னால் என்றால் பழைய சக்கரத்தால் அளந்த தூரம், நான்கு தசம் எட்டு சரிதான், பஸ் வராது. என் கையெழுத்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டு ஒரு முழுப் பிற்பகல் உட்கார்ந்திருந்தேன்.

தேநீர் கொண்டுவந்த மனைவி என்ன விஷயம் என்று கேட்டாள். சொன்னேன்.

"இதுக்கா இவ்வளவு நேரம்? அன்னைக்குத்தானே மேல போயிட்டு வந்து, சைலன்சர் கல்லுல இடிச்சுருச்சுன்னு பொலம்புனீங்க?"

"ஆமா."

"இருபது வருஷமா அந்த ரோட்டுல போறீங்க. பெரிய சக்கரம் இருந்தப்ப என்னைக்காவது இடிச்சுதா?"

இடித்ததில்லை. சக்கரம் சின்னதானதால் கார் தாழ்ந்துவிட்டது, அதனால்தான் கல் இடித்தது. ஆக, அளந்தது மாற்றிய பிறகு. நாற்பது நாட்குறிப்புகள் சொல்லாததை ஒரு சைலன்சர் சொல்லிவிட்டது. "எழுதி வைங்க, எழுதி வைங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே போனாள்.

சந்தோஷம் அரை நாள்தான் நின்றது. ஒரு மணித்தியாலத்துக்குள் வரவேண்டும் என்று அதிகாரி சொன்ன பிறகு, நூறு பேர் கையெழுத்திட்ட தூரத்தை நானே குறைத்துச் சொன்னால் அவர் என்ன நினைப்பார்? அறுபத்திரண்டு நிமிஷம் ஆகாது என்றதும் ஐம்பத்தேழாக்கிவிட்டான் என்றுதான் நினைப்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். ஆகவே நான் வாயே திறக்கக் கூடாது. மீற்றரைச் சரிசெய்து வைத்துவிட வேண்டும். அவரே உட்கார்ந்து, அவரே பார்த்து, அவரே எழுதிக்கொள்ளட்டும்.

ஹட்டனில் மணிக்கூடும் வாகன மீற்றரும் திருத்தும் முஸ்லிம் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் நானாதான், அண்ணன் என்று அர்த்தம். திங்கட்கிழமை மீற்றரைக் கழற்றிக்கொண்டு போய், வேகம் காட்டுவது சரியில்லை, சக்கரம் மாற்றியிருக்கிறேன் என்று சொன்னேன்.

"எவ்வளவு காட்டுது, எவ்வளவு காட்டோணும்?"

"பன்னிரண்டு காட்டினால் பதினொன்றுதான் உண்மை."

நானா கண்ணில் வில்லையை மாட்டிக்கொண்டு மீற்றரைக் காதருகே வைத்து ஆட்டினார். "அப்ப முள்ளுக்குக் கொஞ்சம் அவசரம் கூடிப்போச்சு. மெதுவாப் போகச் சொல்லுவம். புதன்கிழமை வாங்க."

புதன்கிழமை போனேன். மீற்றரின் வாலில் துளைபோடும் மெஷினை மாட்டிச் சுற்றவைத்து, முள்ளைக் காட்டினார். வேறொரு மீற்றர் பக்கத்தில் இருந்தது. இரண்டையும் கணக்குப் போட்டுக் காட்டினார். அது பன்னிரண்டு காட்டும் இடத்தில் இது பதினொன்று.

"இனி இந்த முள்ளு பொய் சொல்லாது ஐயா" என்றார்.

வீட்டுக்கு வந்து மாட்டியபோது ஒரே பனியும் மழையும். ஓட்டிப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை காலை அதிகாரியைக் கூட்டிவர ஹட்டனுக்குப் புறப்பட்டேன். முள் ஒழுங்காக நின்றது. வழியில் கிலோமீற்றர் கட்டைகள் வரிசையாக வரும். ஒன்றிலிருந்து தொடங்கி ஐந்து கிலோமீற்றர் கடந்ததும் சும்மா ஒரு திருப்திக்காக எண்களைப் பார்த்தேன். மூன்று தசம் ஒன்று மைல் ஓடியிருக்க வேண்டும். மூன்று தசம் நான்கு என்று காட்டியது. ஹோர்ன் அடித்துக்கொண்டு ஒரு பஸ் என்னைக் கடந்துபோகும் வரைக்கும் ரோட்டு நடுவில் நிறுத்திவிட்டேன் என்பதே எனக்குத் தெரியவில்லை.

நானா அப்போதுதான் கடைக் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"முள் சரியாக இருக்கிறது நானா. எண் அப்படியே கூடத்தான் ஓடுது."

"எண் அப்படித்தான் ஓடும்." அவர் ஆச்சரியப்படவே இல்லை. "முள்ளக் காந்தம் இழுக்குது, ஸ்பிரிங் பிடிக்குது. ஸ்பிரிங்க எனக்கு வளைக்க ஏலும். எண் பல்லுச் சக்கரம். பல்லு எத்தனையோ அத்தனைதான் எண்ணும், அதுகூடப் பேச ஏலாது. கேபிளுக்கு நடுவுல சின்னக் கியர்ப் பெட்டி ஒண்டு போடோணும். கொழும்புல சொன்னா ரெண்டு கிழமையில வரும்."

"முதலிலேயே சொல்லியிருக்கலாமே."

"நீங்க வேகம் எண்டுதானே சொன்னீங்க. தூரம் எண்டு சொல்லலியே ஐயா."

உண்மைதான். ஒரே முகத்தில் இருக்கும் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்தது நான். இப்போது என் காரில் முள் உண்மையும் எண் பொய்யும் சொல்லிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. முன்பாவது இரண்டும் சேர்ந்து பொய் சொல்லின.

அதிகாரி பஸ்ஸிலிருந்து இறங்கினார். முப்பத்தைந்து வயது இருக்கும், கையில் ஒரு கோப்பு. காரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, தன் தாத்தாவிடம் இதேபோல் ஒன்று இருந்ததாகச் சொன்னார். அந்த மலர்ச்சி குறைவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று சக்கரம் மாற்றியதையும் மீற்றர் கூடக் காட்டுவதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் கோப்பை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

"அப்ப இப்ப தூரம் குறைஞ்சு போச்சா?"

"குறையவில்லை மாத்தயா. முதலிலேயே குறைவுதான்."

"நான் நேரம் சொன்னதுக்குப் பிறகு குறைவு."

"ஆமாம்" என்றேன். "கட்டைகளைப் பாருங்கள். நான் எதுவும் சொல்லவில்லை."

கொட்டகலைக்குத் திரும்பும் வழியில் அவர் கட்டைகளைப் பார்த்தார், மீற்றரைப் பார்த்தார், ஐந்து கிலோமீற்றருக்கு மூன்று தசம் நான்கு என்று தன் போனில் தட்டினார். சந்தியில் நிறுத்தியபோதும் தட்டிக்கொண்டுதான் இருந்தார். மேல் டிவிசன் தலைவி கோயிலுக்குக் கட்டும் சேலையில் காத்திருந்தார். அவர் பின்னால் ஏறி உட்கார்ந்ததும் அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"மீற்றர் கூடக் காட்டுது. அது எனக்கு விளங்குது. சக்கரம் சின்னது. அதுவும் விளங்குது. ஆனா சின்னச் சக்கரம் என்றா கார் குறையத்தானே ஓடும்? அப்ப பாதை இன்னும் நீளமா வரணுமே?"

நான் தாளில் எழுதிய முதல் வாக்கியம் அது. அதற்கு என்ன பதில் கண்டுபிடித்தேன் என்பது அந்த நிமிஷத்தில் எனக்கு நினைவுக்கு வரவில்லை. பதினொன்றால் பெருக்கி என்று தொடங்கினேன். பிறகு பன்னிரண்டால் பெருக்கி என்றேன். ஹட்டன் கோயிலைக் கொண்டுவந்தேன், சைலன்சரைக் கொண்டுவந்தேன். அவர் கோப்பை மூடப் போனார்.

"ஐயா, நான் ஒன்னு கேக்கட்டா?" என்றது பின்னாலிருந்து குரல். "பெரிய கூடையில பதினொரு கூடை கொழுந்து இருக்குன்னு வைங்க. அதையே எடுத்துச் சின்னக் கூடையில கொட்டுனா பன்னண்டு கூடை வருது. பன்னண்டு கூடைன்னு சொன்னதும் தராசுல நிறை கூடிருமா? கொழுந்து அதே கொழுந்துதானே. கூடைதான் சின்னது."

மூடப் போன கோப்பை அதிகாரி விரித்து வைத்தார்.

"கூடைதான் சக்கரமா?"

"ஆமாங்க."

"ஹரி" என்றார், சிங்களத்தில் சரி என்று. பிறகு திரும்பி அவரைப் பார்த்துக் கேட்டார்: "அக்கா, முதல்ல கூடச் சொன்னப்ப உங்களுக்குச் சந்தேகம் வரல்லையா?"

"வரலைங்க. சந்தோஷம்தான் வந்துச்சு. தூரமுன்னு தெரிஞ்சாத்தானே யாராச்சும் திரும்பிப் பாப்பாங்க? இங்க கிட்ட இருக்குன்னு சொல்லி யாரு எங்களுக்கு எதைக் குடுத்தா?"

அதிகாரி முன்னால் திரும்பி உட்கார்ந்தார். "போவோம் அங்கிள்" என்றார்.

ஏறினோம். இரண்டாவது வளைவில் கொழுந்து லொறிக்கு வழிவிட்டுப் பின்னால் வரவேண்டியிருந்தது. பாலத்தடியில் மாடு ஒன்று நகரவில்லை. சைலன்சர் அதே கல்லில் மறுபடி இடித்தது. அதிகாரி பயந்து கால்களைத் தூக்கிக்கொண்டார். கோயில் வாசலில் நிறுத்தியபோது மீற்றர் நான்கு தசம் எட்டு காட்டியது. கோயிலடியில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்து, பழைய எண்ணே வந்துவிட்டது என்று முகம் வாடினார்கள். அதிகாரி தானே பதினொன்றால் பெருக்கி, பன்னிரண்டால் வகுத்து, கிலோமீற்றராக மாற்றி, ஏழு தசம் ஒன்று என்று படிவத்தில் எழுதினார். என்னிடம் காட்டினார். சரி என்றேன்.

பிறகு அவர் தன் மணிக்கூட்டைப் பார்த்ததை நான் பார்த்தேன். சந்தியிலிருந்து ஏறி வர எங்களுக்கு முப்பத்தாறு நிமிஷம் பிடித்திருந்தது. இறங்குவது கொஞ்சம் சீக்கிரம் நடக்கும் என்றாலும் இரண்டையும் கூட்டினால் ஒரு மணித்தியாலத்தைத் தாண்டும். படிவத்தில் தூரத்துக்குக் கட்டம் இருந்தது. நேரத்தை அட்டவணைதான் போட வேண்டும். லொறிக்கும் மாட்டுக்கும் கட்டம் இல்லை. அவர் என்னைப் பார்த்தார், நானும் அவரைப் பார்த்தேன். அவர் படிவத்தைக் கோப்புக்குள் வைத்து மூடினார். உண்மையான தூரத்தை எழுத இவ்வளவு பாடுபட்டு வந்தவன், உண்மையான நேரத்தைச் சொல்லாமல் ஏன் இருந்தேன் என்று எனக்கு விளங்கவில்லை. தூரம்தான் கேட்டார், நேரம் கேட்கவில்லையே என்று நானா மாதிரி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த மாதம் அனுமதி வந்தது. மூன்று மாதம் பரீட்சார்த்தமாக ஓடும். பஸ் ஏழு மணிக்குச் சந்திக்கு வரத் தவறினால் சேவை நிறுத்தப்படும் என்று கடைசி வரியில் இருந்தது.

முதல் நாள் திங்கட்கிழமை. ஆறு மணிக்கே சந்தியில் ஏறி டிரைவருக்குப் பின் ஆசனத்தில் உட்கார்ந்தேன். கையில் மணிக்கூடு. மேலே போய்ச் சேர்ந்தபோது கோயிலடியில் ஊரே நின்றது. முன் கண்ணாடியில் யாரோ பூமாலை போட்டார்கள். தேங்காய் உடைத்தார்கள். கண்டக்டர் அவசரப்படுத்தினார்.

"ஏறுங்க, ஏறுங்க. சாமி நாளைக்கும் இங்கதான் இருக்கும். ஏழு மணி இருக்காது."

தலைவியின் கணவரை இரண்டு பேர் தூக்கி முன் ஆசனத்தில், என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். இடது காலுக்கு மேல் பொலித்தீன் உறை சுற்றிக் கட்டியிருந்தது. மெலிந்துபோயிருந்தார். காலை நீட்டி வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். நடந்தும் லொறியில் தொற்றிக்கொண்டும் பார்த்த ரோட்டை ஆசனத்தில் உட்கார்ந்து முதன்முறை பார்க்கிறார் போல.

நான் குறித்துக்கொண்டிருந்தேன். பஸ் திரும்பியது எத்தனை மணி, முதல் வளைவு எத்தனை மணி, பாலம் எத்தனை மணி. பாலத்தடியில் எனக்கு விடை தெரிந்துவிட்டது போலிருந்தது. ஆனால் இறக்கம் இன்னும் இருக்கிறது, டிரைவர் கெட்டிக்காரர், நிச்சயமாகச் சொல்ல முடியாது. பின் ஆசனத்திலிருந்து தலைவி முன்னால் குனிந்தார்.

"அண்ணே, அந்த மணிக்கூட்டச் சட்டைப் பைக்குள்ள போடுங்க."

"நேரம் பார்க்க வேண்டாமா தங்கச்சி?"

"நீங்க பாக்கப் பாக்க டிரைவரும் கண்ணாடியில உங்களைத்தான் பாக்குறாரு. அவரு ரோட்டப் பாக்கட்டும்."

பைக்குள் போட்டேன். வளைவுகளில் அவருடைய கணவர் என் தோளில் சாய்ந்து நிமிர்ந்தார். சந்தி கண்ணில் பட்டபோது பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். அவர்கள் எவ்வளவு நேரமாக நிற்கிறார்கள் என்பது அவர்கள் முகத்தில் தெரியவில்லை. பஸ் நின்றதும் முண்டியடித்து ஏறினார்கள். கணவர் தன் காலை அவர்கள் மிதிக்காதபடி உள்ளே இழுத்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியில எட்டு மணிக்கு நம்பர் குடுப்பாங்க" என்றார் என்னிடம். "இப்ப மணி என்ன இருக்கும்ங்க?"

மணிக்கூட்டைப் பையிலிருந்து எடுக்காமலே, "நேரம் இருக்கிறது" என்றேன்.